பதினொரு செக்கன்

சோழகம் விண்நிலையத்தின் ஒழுக்கக் கோவையைத்
தமிழில் தட்டச்சு செய்தவள் நான்தான்,
மண்டைதீவுத் தரைக்கூடத்தில்,
உப்புக்காற்றில் சாவிகள் இறுகிப்போன
ஒரு கணினியில்.

அறுபத்திரண்டு விதிகள்.
தண்ணீர் களவெடுத்தால்
எடுத்ததன் இருமடங்கு மறுவாரம் குறையும்.
காவல்முறையில் நித்திரை கொண்டால்
இன்னும் இரண்டு காவல்முறை.
அதிலும் நித்திரை கொண்டால்? என்று கேட்டு அனுப்பினேன்.
பதில் இன்னும் வரவில்லை.
கைநீட்டி அடித்தால்
அடித்தவனும் அதே வேகத்தில் பின்னுக்குப் போய்ச்
சுவரில் மோதுவான்.
அதைத் தண்டனையில் கழிக்கலாமா என்று
ஒரு முழுநாள் கூட்டம் நடந்தது.

வரைவுக் குழுவில் நாலு பேர் பழைய வாத்திமார்.
அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றும் அங்கே எடுபடவில்லை.
முழங்காலில் நிறுத்த முடியாது,
முழங்காலுக்குப் பாரம் இல்லை.
தோப்புக்கரணம்
அன்றாடப் பயிற்சியை விட லேசு.
வெளியே போய் நில் என்று
ஒருவரும் சொல்லத் துணியவில்லை.
கடைசியில் கண்டுபிடித்தார்கள்:
யன்னலைச் சாத்துவது.

யூட் நிமலன், மெலிஞ்சிமுனை,
மின்கலப் பராமரிப்பு.
மாசி ஒன்பதாம் திகதி இரவு
வெளிவேலைக்கான பெரிய விளக்கைப்
பூமிப் பக்கம் திருப்பி
பதினொரு செக்கன் எரித்தான்.
விதி இருபத்தெட்டு.
ஏன் என்று கேட்டதற்கு
"தம்பி நேவிஸ் கடலிலை நிண்டவன்" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
குறிப்பெழுதியவர்
"கடலில் நின்றவன்" என்று திருத்தினார்.

எங்கள் வீட்டிலும் ஒரு விதி இருந்தது,
ஹெலி சுற்றின காலத்தில்:
மேலே ரோச் அடிக்கக் கூடாது.
அதற்கு இலக்கம் இல்லை.
தண்டனை இன்னதென்று எந்தத் தாளிலும் இல்லை.
நாலு வயதில் எனக்கு அது மனப்பாடம்.
கிணற்றடிக்குப் போனாலும்
கண்ணாடியை உள்ளங்கையால் பொத்தி
விரலிடுக்கில் கசியும் சிவப்பில் நடப்போம்.

விசாரணைப் படிவம், ஒன்பதாம் கட்டம்:
தரையில் கண்ட சாட்சி எவரேனும்.

அன்றிரவு பத்து ஐம்பதுக்கு
பண்ணைத் தாம்போதியில் ஸ்கூட்டியை நிறுத்தி
ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டிருந்தேன்.
தென்மேற்கிலிருந்து ஊர்ந்து வந்த புள்ளி
சட்டென்று பெருத்தது,
வெள்ளியைவிட, பிறகு அதைவிடவும்.
களங்கட்டித் தடிகளுக்கிடையில்
தண்ணீரில் மெல்லிய ஒரு கோடு.
இறாலுக்கு வலை வீசிக்கொண்டு நின்ற ஒருவர்
"ஆரோ லைற் அடிக்கிறாங்கள்" என்று சொல்லி
மேலே கையை ஆட்டினார்.
நான் எண்ணவில்லை.
பதினொன்று என்று பிறகு கோப்பில்தான் படித்தேன்.
எனக்கு அது கூடவாய் இருந்தது.

விதி நாற்பத்தொன்று:
கண்டதை மறைக்கும் தரைப் பணியாளருக்கு
மூன்று நாள் சம்பளம் வெட்டு.
நான் தட்டச்சு செய்ததுதான்,
"மறைக்கும்" என்பதில் ஒற்றை விட்டுவிட்டுத்
திரும்ப வந்து போட்டது.

ஒன்பதாம் கட்டத்தில்
ஒரு கோடு இழுத்தேன்.

இருபது நாள் யன்னல் தடை.
குரல் தெளிவு என்று
வாசிக்கிற வேலையையும் என்னிடம் விட்டார்கள்.
நிலையம் தலைக்கு மேலே இருப்பது ஆறு நிமிடம்.
வாசிப்பவர் உரையாடக் கூடாது,
அதுவும் ஒரு விதி.
இலக்கம், பெயர், குற்றம், நாட்கள்
எல்லாம் வாசித்தேன்.
"விளங்கிச்சு" என்றான்.
பிறகு, தொடர்பு அறுபட நாற்பது செக்கன் இருக்க,
"கீழை தெரிஞ்சதோ?"

பதிவுக் கருவியின் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.
பின்னால் சிவபாதம் சேர்
தேத்தண்ணிக்குச் சீனி கலக்குகிற சத்தம்.
கோவை முழுவதையும் மனப்பாடம் செய்யாமல்
ஒருவரும் மேலே போனதில்லை.

"நாற்பத்தொன்று" என்றேன்.

கொஞ்ச நேரம் இரைச்சல்.
பிறகு ஒரு சிரிப்பு, பாதிதான் வந்து சேர்ந்தது.
நிலையம் பருத்தித்துறைக்கு அப்பால்
இறங்கிவிட்டது.

"என்ன பிள்ளை நாற்பத்தொன்று?"
"பக்க எண், சேர்."